சில்காட் அறிக்கை: 26 லட்சம் சொற்களை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது?

2003 ஈராக் போரில் பிரிட்டன் இறங்கியது எப்படி என்று ஆராய்ந்த ஈராக் விசாரணை அறிக்கை, அதாவது சில்காட் அறிக்கை, 2016 ஜூலை 6 அன்று லண்டனில் வெளியானது. அச்சுப் பிரதி, முழு செட், அப்போது 767 பவுண்டு. 12 தொகுதிகள், சுருக்கத் தொகுதி தனி. மொத்தம் சுமார் 26 லட்சம் சொற்கள். நிமிடத்துக்கு 200 சொற்கள் வீதம் வாசித்தாலும் 217 மணி நேரம் பிடிக்கும். தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஏழு மாதத்துக்கு மேல். அதனால் இவ்வளவு விலை கொடுத்து வாங்கலாமா என்ற கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடலாம்: அச்சுப் பிரதி வேண்டாம். இதே அறிக்கை பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் பி.டி.எஃப். கோப்புகளாக இலவசமாகக் கிடைக்கிறது. தேடித் தேடி வாசிக்க வேண்டிய ஆவணம் இது. அதற்குக் கோப்புதான் வசதி.

வாசிக்கலாமா என்றால், கட்டாயம் வாசிக்க வேண்டும். போருக்குப் போவதென்று ஒரு தலைவர் மனதுக்குள் முடிவெடுத்த பிறகு, அவரை நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டிய அமைச்சரவை, உளவுத்துறை, சட்ட அதிகாரி, ராணுவத் தலைமை, நாடாளுமன்றம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எப்படி வழிவிட்டன என்பதைத் தேதி வாரியாக, கடிதம் கடிதமாக இவ்வளவு விரிவாகக் காட்டும் அரசு ஆவணம் கிடைப்பது அரிது.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 2003 மார்ச்சில் அமெரிக்காவோடு சேர்ந்து பிரிட்டன் ஈராக் மீது படையெடுத்தது. சதாம் உசேனிடம் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்பது சொல்லப்பட்ட காரணம். படையெடுப்புக்குப் பிறகு தேடியும் அந்த ஆயுதக் கிடங்குகள் கிடைக்கவில்லை. 2009 ஜூனில் பிரதமர் கோர்டன் பிரவுன் இந்த விசாரணையை அறிவித்தார். ஓய்வுபெற்ற மூத்த அதிகாரி சர் ஜான் சில்காட் தலைவர். வரலாற்றாசிரியர்கள் லாரன்ஸ் ஃப்ரீட்மன், மார்ட்டின் கில்பர்ட், முன்னாள் தூதர் ரோட்ரிக் லைன், பிரபுக்கள் சபை உறுப்பினர் உஷா பிரஷார் ஆகியோர் உறுப்பினர்கள். கில்பர்ட் 2015-இல், அறிக்கை வெளிவருவதற்கு முன்பே காலமானார். ஐவரில் ஒருவர்கூட நீதிபதி அல்ல. இந்த விவரம் பின்னால் தேவைப்படும். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஆவணங்களைப் படித்து, 150-க்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, 2001 முதல் 2009 ஜூலை வரையிலான காலத்தை எழுதியிருக்கிறார்கள்.

தரவிறக்கும்போது பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. தொகுதி எண்ணும் பிரிவு எண்ணும் வேறு வேறு. மொத்தத் தொகுதிகள் 12, மொத்தப் பிரிவுகள் 17. போருக்கு முந்தைய ராஜதந்திரத்தைச் சொல்லும் 3-வது பிரிவு ஒரே தொகுதியில் அடங்காது. படையெடுப்புக்குப் பிந்தைய காலத்தைச் சொல்லும் 9-வது பிரிவும் அப்படித்தான். எனவே குறிப்பு எடுக்கும்போது தொகுதி, பக்கம் என்று எழுதாமல், பிரிவு எண்ணையும் பத்தி எண்ணையும் எழுதுங்கள். ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டிருக்கிறார்கள். அச்சிலோ கோப்பிலோ எதில் தேடினாலும் அந்த எண் மாறாது.

தேடும்போது இன்னொரு சிக்கல். தேதியை பிரிட்டிஷ் முறையில், நாள் முன்னால், மாதம் பின்னால் வைத்துத் தட்ட வேண்டும். அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னால் போட்டால் ஒன்றும் வராது. இந்த அறிக்கையில் நல்ல தேடுசொல் தேதிதான். ஒரு பெயரைத் தட்டினால் ஆயிரம் இடம் வரும். ஒரு தேதியைத் தட்டினால் அன்றைய கூட்டம், அன்றைய கடிதம், அதைப் பற்றிப் பின்னாளில் சாட்சிகள் சொன்னது எல்லாம் வரிசையாக நிற்கும். அறிக்கையோடு வெளியான மூல ஆவணங்களுக்கு இந்த வசதி இல்லை. அவை பெரும்பாலும் ஸ்கேன் செய்த படங்கள். கண்ணால்தான் தேட வேண்டும். விசாரணையின் பழைய இணையதளம் இப்போது பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையச் சேமிப்பில் இருக்கிறது. சாட்சிகளின் முழு வாக்குமூலமும் அங்கேதான். போர் தொடங்கியபோது பிரதமராக இருந்த டோனி பிளேர் இரண்டு முறை, 2010 ஜனவரி 29-இலும் 2011 ஜனவரி 21-இலும், நேரில் சாட்சி சொன்னார். அந்த இரண்டு நாள் எழுத்துப் பிரதிகளையும் கையோடு இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

வாசிக்கும் வரிசைக்கு வருவோம். முதல் தொகுதியின் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினால் 1990-களின் பொருளாதாரத் தடைகளிலேயே களைத்துவிடுவீர்கள். முதலில் வெளியீட்டு நாளன்று சில்காட் வாசித்த உரை. அது சில பக்கம்தான், முடிவுகள் எல்லாம் அதில் வெட்டவெளிச்சமாக இருக்கின்றன. அடுத்து சுருக்கத் தொகுதி. சுமார் 150 பக்கம், ஒரு வார வேலை. கடைசித் தொகுதியின் இணைப்புகளில் சுருக்கெழுத்துப் பட்டியலும் யார் எந்தப் பதவியில் இருந்தார் என்ற பட்டியலும் இருக்கின்றன. அவற்றைத் தனியாகத் திறந்து வைத்துக்கொள்ளாமல் உள்ளே போக வேண்டாம். அதற்குப் பிறகு சட்ட ஆலோசனை பற்றிய 5-வது பிரிவு, ஆயுதங்கள் பற்றிய 4-வது பிரிவு, போருக்குப் பிந்தைய திட்டம் பற்றிய 6-வது பிரிவின் பிற்பகுதி. 3-வது பிரிவை முழுசாக வாசிக்க வேண்டாம். தேதி வைத்து எட்டிப் பாருங்கள். புனரமைப்பு பற்றிய 10-வது பிரிவும் நிதி பற்றிய 13-வது பிரிவும் அந்தத் துறையில் வேலை செய்பவர்களுக்கு மட்டும்.

இனி உள்ளடக்கம்.

2002 ஜூலை 28 அன்று பிளேர், அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அதன் முதல் வரி: ‘என்ன நேர்ந்தாலும் நான் உங்களோடு இருப்பேன்.’ படையெடுப்புக்கு எட்டு மாதம் முன்பு எழுதியது. அடுத்த வரியிலிருந்து சிரமங்களைப் பட்டியலிடுகிறார், ஐ.நா. வழியாகப் போக வேண்டும், பாலஸ்தீனப் பிரச்சினையில் முன்னேற்றம் வேண்டும், மக்கள் கருத்து மாற வேண்டும் என்றெல்லாம் சொல்கிறார். பிளேரை ஆதரிப்பவர்கள் அந்தப் பட்டியலைத்தான் காட்டுவார்கள். ஆனால் முதல் வரியிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்ட பிறகு, பின்னால் வைக்கும் நிபந்தனைக்கு என்ன மதிப்பு? அவருடைய வெளியுறவு ஆலோசகர் டேவிட் மேனிங், அந்த வரியை எடுத்துவிடும்படி தான் முயன்றதாக விசாரணையில் சொல்லியிருக்கிறார். வரி அப்படியே போனது. வெளியுறவு அமைச்சரோ பாதுகாப்பு அமைச்சரோ அந்தக் குறிப்பு அனுப்பப்படுவதற்கு முன் பார்க்கவில்லை.

பொறுப்பில்லாத வெளியுறவுக் கொள்கை என்றால் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு தாளைக் காட்டலாம். மேடையில் கத்துவது கிடையாது, மேசையைக் குத்துவது கிடையாது. ஒரு நாட்டின் படையை இன்னொரு நாட்டின் தலைவருக்கு வாக்காகக் கொடுக்கும் வரி, கூட்டுப் பொறுப்புள்ள அமைச்சரவையின் பார்வைக்கே வராமல் போய்ச் சேர்கிறது. அமைச்சரவைக் குழு ஒன்று கூடி ஆவணங்களை வைத்துப் பேசி, பிறகு முழு அமைச்சரவைக்குக் கொண்டுவந்திருக்க வேண்டிய 11 முடிவுக் கட்டங்களைச் சுருக்கத் தொகுதி எண்ணிச் சொல்கிறது. இந்தப் 11-ஐத் தனித் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் எதிரிலும் யார் அறையில் இருந்தார்கள், என்ன காகிதம் முன்னால் இருந்தது என்று நிரப்பிக்கொண்டே வாருங்கள். அறிக்கையை உள்வாங்க இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

4-வது பிரிவு உளவுத் தகவல். 2002 செப்டம்பர் 24 அன்று பிரிட்டிஷ் அரசு ஈராக்கின் ஆயுதங்கள் பற்றி ஒரு தொகுப்பை வெளியிட்டது. 45 நிமிடத்தில் ரசாயன, உயிரியல் ஆயுதங்களை ஏவத் தயாராக்க முடியும் என்று உலகமெல்லாம் தலைப்புச் செய்தியானது இதிலிருந்துதான். அதன் முன்னுரையில், சதாம் ரசாயன, உயிரியல் ஆயுதங்களைத் தொடர்ந்து தயாரித்து வருகிறார் என்பது ‘சந்தேகத்துக்கு இடமின்றி’ நிறுவப்பட்டிருப்பதாகப் பிளேர் எழுதினார். உளவுத் தகவல்களை மதிப்பிட்டு அரசுக்குச் சொல்லும் கூட்டு உளவுக் குழுவின் மதிப்பீடுகளில் அந்த உறுதி இல்லை. அதை அந்தக் குழு பிளேருக்குத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்கிறது அறிக்கை. இந்தப் பிரிவை வாசிக்கும்போது உளவு மதிப்பீட்டில் வரும் ‘இருக்கக்கூடும்’, ‘என்று தோன்றுகிறது’, ‘தகவல் குறைவு’ போன்ற சொற்களை ஒரு நிறத்திலும், பொதுவெளிக்குப் போன ஆவணத்தில் வரும் உறுதியான சொற்களை இன்னொரு நிறத்திலும் அடிக்கோடிடுங்கள். சந்தேகம் எந்த மேசையில் காணாமல் போனது என்று கண்ணுக்கே தெரியும்.

இதே பிரிவில் ஒரு சிறு விவரம். 2002 செப்டம்பரில் பிரிட்டனின் வெளிநாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.6 ஒரு புதிய ஆளிடமிருந்து ரசாயன, உயிரியல் ஆயுத உற்பத்தி பற்றிய தகவலைப் பெற்றது. இன்னும் சோதித்துப் பார்க்கப்படாத ஆள். கண்ணாடிக் கலன்கள் பற்றி அவர் சொல்லியிருந்தார். அடுத்த மாதமே, ரசாயன ஆயுதங்களுக்குக் கண்ணாடிக் கலன் வழக்கமில்லை என்றும், ஒரு ஹாலிவுட் படத்தில் நரம்பு விஷத்தைக் கண்ணாடி உருண்டைகளில் வைத்திருப்பதாகத் தவறாகக் காட்டியிருக்கிறார்கள் என்றும் உள்ளுக்குள்ளேயே சந்தேகம் எழுந்தது. அந்தத் தகவல் அதிகாரப்பூர்வமாக விலக்கப்பட்டது 2003 ஜூலையில். அதற்குள் போர் தொடங்கி, பாக்தாத் விழுந்து மூன்று மாதம் ஓடியிருந்தது.

அறிக்கையிலேயே ஆகச்சிறந்த பகுதி 5-வது பிரிவு. நேரம் குறைவாக இருப்பவர்கள் சுருக்கத் தொகுதியோடு இதை மட்டுமாவது வாசித்துவிட வேண்டும்.

ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சில் 2002 நவம்பர் 8 அன்று தீர்மானம் 1441-ஐ ஒருமனதாக நிறைவேற்றியது. ஈராக்குக்குக் கடைசி வாய்ப்பு, ஆய்வாளர்கள் மீண்டும் உள்ளே போக வேண்டும் என்பது அதன் சாரம். இந்தத் தீர்மானமே போருக்குப் போதுமா, இன்னொரு தீர்மானம் வேண்டுமா? பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் தலைமைச் சட்ட ஆலோசகர் மைக்கேல் வுட், இன்னொரு தீர்மானம் இல்லாமல் படை அனுப்புவது சட்டத்துக்கு எதிரானது என்று எழுதினார். வெளியுறவு அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா, உங்கள் ஆலோசனையைக் கவனித்தேன், ஆனால் அதை ஏற்கவில்லை என்று பதில் எழுதினார். துணை ஆலோசகர் எலிசபெத் வில்ம்ஸ்ஹர்ஸ்ட் பதவி விலகினார்.

அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் கோல்ட்ஸ்மித் பிரபு என்ன சொன்னார் என்பதைத் தேதியோடு பார்க்க வேண்டும். 2003 ஜனவரியில், கவுன்சிலின் இன்னொரு முடிவு தேவை என்பது அவருடைய கருத்து. பிப்ரவரியில் வாஷிங்டன் போய் அமெரிக்க அரசின் வழக்கறிஞர்களைச் சந்தித்தார். மார்ச் 7-ஆம் தேதி 13 பக்க ஆலோசனை கொடுத்தார்: இரண்டாவது தீர்மானம் பெறுவதே பாதுகாப்பான வழி, அது இல்லாமலும் நியாயமாக வாதாடலாம், ஆனால் நீதிமன்றம் ஏற்கும் என்று உறுதி சொல்ல முடியாது. படைத் தளபதிகள் ஒப்புக்கொள்ளவில்லை. சிப்பாய்களை அனுப்ப வேண்டுமானால், சட்டப்படி சரி என்று திட்டவட்டமாகச் சொல்லுங்கள் என்றார்கள். மார்ச் 13-இல் கோல்ட்ஸ்மித், இரண்டாவது தீர்மானம் தேவையில்லை என்பதே மேலான கருத்து என்ற முடிவுக்கு வந்தார்.

அதற்கு அடுத்த இரண்டு நாளைத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். இந்தச் சட்ட வாதம் நிற்க வேண்டுமென்றால், ஈராக் 1441-ஐ மேலும் மீறியிருக்கிறது என்பதற்கு வலுவான ஆதாரம் வேண்டும். எனவே மார்ச் 14 அன்று அட்டர்னி ஜெனரலின் அலுவலகம் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டது: ஈராக் மேலும் மீறியிருக்கிறது என்பதுதான் பிரதமரின் ஐயமற்ற கருத்தா? மார்ச் 15 அன்று பதில் வந்தது: ஆம், அதுதான் பிரதமரின் ஐயமற்ற கருத்து. எந்த மீறல், எந்த ஆய்வாளரின் அறிக்கையில், எந்தப் பக்கத்தில் என்று எதுவும் அதில் இல்லை. பிளேர் எந்தக் குறிப்பிட்ட ஆதாரத்தை வைத்து அந்தக் கருத்துக்கு வந்தார் என்பது தெளிவாகவில்லை என்று அறிக்கை பதிவு செய்கிறது. போர் சட்டப்படி சரி என்று பிரதமர் சொன்னது அட்டர்னி ஜெனரலை நம்பி. அட்டர்னி ஜெனரல் சொன்னது பிரதமரின் கருத்தை நம்பி. நடுவில் ஆதாரத்தை எடுத்து மேசைமேல் வைத்தவர் யாரும் இல்லை.

போர் சட்டப்படி சரியா என்பது பற்றி மார்ச் 17 அன்று கோல்ட்ஸ்மித் நாடாளுமன்றத்தில் வைத்த எழுத்துப் பதில் 337 சொற்கள். அமைச்சரவையின் கைக்கு வந்தது அதுதான். 13 பக்க ஆலோசனை வரவில்லை. மார்ச் 18 அன்று மக்களவை 412-க்கு 149 என்று போரை அங்கீகரித்தது. முந்தைய நாளே ராபின் குக் அமைச்சர் பதவியை விட்டு விலகியிருந்தார். பாதுகாப்புக் கவுன்சிலில் பெரும்பான்மை கிடைக்காத நிலையில் போனதால், கவுன்சிலின் அதிகாரத்தைக் காப்பதாகச் சொன்ன பிரிட்டன் உண்மையில் அந்த அதிகாரத்தைக் குலைத்தது என்று சில்காட் தன் உரையில் சொல்கிறார். அமைதி வழிகள் தீர்வதற்கு முன்பே போருக்குப் போனார்கள், அந்த நேரத்தில் போர் கடைசி வழியாக இருக்கவில்லை என்பது அதே உரையின் முதல் முடிவு.

6-வது பிரிவில் வருவது படையெடுப்புக்குப் பிறகு என்ன செய்வது என்ற திட்டம், அதாவது இல்லாத திட்டம். பிரிட்டிஷ் தரைப்படை முதலில் துருக்கி வழியாக வடக்கே நுழைவதாக இருந்தது. அது நடக்காது என்று தெரிந்து, தெற்கே போவது என்று 2003 ஜனவரி 17-இல் முடிவானது. படையெடுப்புக்கு இரண்டு மாதம். மூன்று படைப்பிரிவுகளைத் தயார் செய்ய அந்த நேரம் போதவில்லை. அபாயங்கள் அமைச்சர்கள் முன் முழுதாக வைக்கப்படவும் இல்லை. தெற்கு ஈராக்கை யார் நிர்வகிப்பது, போலீஸ் எங்கே, மின்சாரம் யார் பொறுப்பு என்பதற்கு ஒரு தனி அமைச்சரைப் பிளேர் நியமிக்கவில்லை. அமெரிக்காவிடம் சரியான திட்டம் இல்லையென்றால் நாம் இதில் இறங்கலாமா என்று மறுபரிசீலனையும் செய்யவில்லை.

இதெல்லாம் பின்னால் நடந்ததை வைத்துச் சொல்வது என்று பிளேர் வாதாடினார். அறிக்கை அதை ஏற்கவில்லை. உள்நாட்டுச் சண்டை, ஈரானின் தலையீடு, பிராந்தியத்தில் குழப்பம், அல்-காய்தாவின் நடமாட்டம் ஆகிய ஒவ்வொன்றும் படையெடுப்புக்கு முன்பே எழுத்தில் எச்சரிக்கப்பட்டிருந்தன என்று சொல்கிறது. தலைவர்களின் போர் முடிவுகளை விமர்சிக்கும் எவருக்கும் கடைசியில் வந்து நிற்கும் எதிர்வாதம் ‘அப்போது யாருக்குத் தெரியும்’ என்பதுதான். அதற்குத் தேதி போட்ட பதில் இந்தப் பக்கங்களில் இருக்கிறது.

2003 மே மாதம், பாக்தாதில் அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர் இரண்டு உத்தரவுகள் போட்டார்: சதாமின் பாத் கட்சிக்காரர்களைப் பதவிகளிலிருந்து நீக்கியது ஒன்று, ஈராக் ராணுவத்தைக் கலைத்தது இன்னொன்று. சட்டப்படி கூட்டு ஆக்கிரமிப்பு நாடாக இருந்த பிரிட்டனுக்கு இந்த முடிவுகளில் உருப்படியான பங்கு இருக்கவில்லை. ஆள் பற்றாக்குறையை நிரப்ப அமெரிக்கா மற்ற நாடுகளிடம் படை கேட்டது. இந்தியாவிடமும் கேட்டது, வாஜ்பாய் அரசு 2003 ஜூலை 14 அன்று மறுத்துவிட்டது. ஐ.நா. ஆணை இல்லை என்பது சொன்ன காரணம். கேட்டால் மறுக்கவும் ஒரு அரசால் முடியும் என்பதற்கு அந்தத் தேதியைத் தமிழ் வாசகர்கள் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம்.

ராணுவத் தளவாடங்கள் பற்றிய 14-வது பிரிவு தொழில்நுட்பம் நிறைந்தது, ஆனால் ஒரு விஷயத்துக்காகப் புரட்ட வேண்டும். ‘ஸ்னாட்ச்’ லேண்ட்ரோவர், வட அயர்லாந்துக்காகச் செய்த இலகு கவச வண்டி. சாலையோரக் குண்டுகளுக்கு அது தாங்காது. கனமான ‘மாஸ்டிஃப்’ வண்டிகளுக்கு ஆர்டர் போனது 2006-இல்தான். அதே ஆண்டு ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டுக்கும் படை அனுப்பியதால் வண்டி, ஹெலிகாப்டர் எல்லாம் இரண்டு இடத்துக்கும் பங்கு போட வேண்டி வந்தது. இந்தக் குறையைக் கண்டு சொல்ல வேண்டிய பொறுப்பு பாதுகாப்பு அமைச்சகத்தில் யாருடையது என்பதே தெளிவாக இருக்கவில்லை. 2007-இல் தெற்கு ஈராக்கின் பஸ்ரா நகரில், தங்களைத் தாக்கிக்கொண்டிருந்த ஆயுதக் குழுவோடேயே கைதிகளை விடுவித்து உடன்பாடு செய்துகொள்வதுதான் கிடைத்ததில் நல்ல வழி என்ற நிலைக்கு பிரிட்டன் வந்தது. அறிக்கை அதை அவமானகரமானது என்கிறது. அளந்து பேசும் இந்த ஆவணத்தில் அப்படியொரு சொல் வருவது அபூர்வம்.

குறைகள்.

முதல் குறை தாமதம். அறிக்கை எழுத ஏழு ஆண்டு. பிரிட்டன் ஈராக்கில் போரிட்ட காலத்தைவிட அது அதிகம். புஷ்ஷோடு நடந்த பேச்சுகளை எவ்வளவு வெளியிடலாம் என்று அரசோடு நீண்ட பேரம். விமர்சிக்கப்படுபவர்களுக்கு வரைவை முன்கூட்டியே அனுப்பி அவர்கள் பதிலைப் பெறும் வழக்கத்தால் இன்னொரு இழுவை. மகனை இழந்த பெற்றோர்கள் அந்த ஏழு ஆண்டும் காத்திருந்தார்கள்.

இரண்டாவது, பல் இல்லை. சாட்சிகளைச் சட்டப்படி வரவழைக்கவோ தண்டிக்கவோ இந்தக் குழுவுக்கு அதிகாரம் தரப்படவில்லை. போர் சட்டவிரோதமா என்ற கேள்விக்கு அறிக்கை பதில் சொல்வதில்லை. நாங்கள் நீதிமன்றம் அல்ல என்று விலகிக்கொள்கிறது. சட்ட அடிப்படை முடிவான விதம் திருப்திகரமாக இல்லவே இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. 2017 ஜூலையில் ஈராக்கின் முன்னாள் தளபதி ஒருவர் பிளேர் மீது வழக்குத் தொடுக்க முயன்றபோது, ஆக்கிரமிப்புக் குற்றம் என்று ஒன்று இங்கிலாந்துச் சட்டத்தில் இல்லை என்று உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

மூன்றாவது, மொழி. அதிகாரிகளுக்கு அதிகாரிகள் எழுதிய நடை. ‘செய்திருக்க வேண்டும்’ என்று ஒரு வரி வந்தால், செய்யாதது பெரும் தவறு என்று நீங்களாகப் பொருள் கொள்ள வேண்டும். முதல் நூறு பக்கத்துக்கு இது சலிப்பூட்டும். பழகிவிட்டால் எந்த வரியில் அடி விழுகிறது என்று பிடிபட்டுவிடும்.

நான்காவது குறைதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. வெளிப்படையாக நடந்த விசாரணையில் பேசியவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் அமைச்சர்கள், அதிகாரிகள், தளபதிகள். பிரிட்டிஷ் படையில் இறந்தவர்கள் 179 பேர். 2009 ஜூலைக்குள் இறந்த ஈராக்கியர் குறைந்தது ஒன்றரை லட்சம், அநேகமாக அதைவிட மிக அதிகம், பெரும்பாலும் பொதுமக்கள் என்று சில்காட்டே சொல்கிறார். பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் இடம்பெயர்ந்தார்கள். அவர்களைப் பற்றிய பிரிவு 17-வது. கடைசித் தொகுதியில், இணைப்புகளுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. மற்றவற்றோடு ஒப்பிட்டால் சிறியது; ஒரே அமர்வில் வாசித்துவிடலாம்.

அதைத் தவறவிடாதீர்கள். இறந்தவர்களின் எண்ணிக்கையைக் கேட்டு நாடாளுமன்றத்திலும் வெளியிலும் கேள்வி எழுந்தபோதெல்லாம் லண்டனில் துறைகளுக்கிடையே ஓடிய கடிதங்கள் அங்கே இருக்கின்றன. 2006-இல் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு, சுமார் 6,55,000 பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று கணித்தபோது அரசு அதைச் சந்தேகித்துப் பேசியது. பாதுகாப்பு அமைச்சகத்தின் தலைமை அறிவியல் ஆலோசகரோ ஆய்வின் முறை வலுவானது என்று உள்ளே எழுதிக் கொடுத்திருந்தார். எத்தனை பேர் இறந்தார்கள் என்று கண்டறியச் செலவழித்த நேரத்தைவிட, இது எந்தத் துறையின் பொறுப்பு என்று தீர்மானிக்கச் செலவழித்த நேரமே அதிகம் என்று அந்தப் பிரிவின் முடிவுரை பதிவு செய்கிறது.